தின்னாத பாம்பும் சீறுகிற பாம்பும்

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டால் சும்மா போகாது. சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, கடிபட்டவனின் பிணம் எரிகிற புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வார்கள். அது விஷமே இல்லாத பாம்பு என்று தெரிந்த படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதே பிள்ளைகள் வெளிநாட்டுப் பாம்பு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கத் தொடங்கி மூன்று வாரம் ஆனதும் என்ன சொல்கிறார்கள்? "என் மேல கோவமா இருக்குது, அதான் சாப்பிட மாட்டேங்குது." கொம்பேறி மூக்கன் மரத்திலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் குடிவந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாம்பு வளர்ப்பும் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து விற்பதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய தொழில். அதில் முதலிடம் பால் பைத்தானுக்கு. பெயரைப் பார்த்துப் பால் கிண்ணத்தைத் தேட வேண்டாம். பந்து என்ற பொருளில்தான் அந்தப் பால். பயந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும் சிறிய மலைப்பாம்பு. சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு, நடு ஆப்பிரிக்க நாடுகள். பெனினில் உயிதா என்ற ஊரில் இதற்குக் கோயிலே இருக்கிறது. அடுத்தது கார்ன் ஸ்நேக். தென்கிழக்கு அமெரிக்காவின் செந்நிறப் பாம்பு. இந்த இரண்டையும் பெருக்குகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் பேச்சு நிறத்தில் தொடங்கும். முடிவதென்னவோ இரண்டு புலம்பல்களில். ஒன்று தின்ன மாட்டேன் என்கிறது. இன்னொன்று கிட்டப் போனால் கடிக்கிறது. இரண்டைச் சுற்றியும் நம்பிக்கைகள் புற்றுபோல வளர்ந்திருக்கின்றன.

நம்பிக்கை: பசித்தால் தானாகத் தின்னும்

வளர்ந்த பாம்பைப் பற்றிச் சொன்னால் இது முக்கால்வாசி சரி. மார்ஷல் மெக்யூ என்ற ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பால் பைத்தான், ஒருவகை எலிப்பாம்பு, ஒருவகைக் கிலுகிலுப்பை விரியன் ஆகிய மூன்று இனங்களை ஏறக்குறைய ஆறு மாதம் பட்டினி போட்டுப் பார்த்தார். உடல் தன் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டது. எடை இறங்கியது, ஆனால் நீளம் கூடியது. சோறு இல்லாமல் வளர்கிற பிராணி! பால் பைத்தான் வளர்ப்பவர்கள் நான்கு மாதம், ஐந்து மாதம் என்று பட்டினிக் கணக்குச் சொல்லும்போது மிகைப்படுத்தவில்லை. இனச்சேர்க்கைப் பருவத்து ஆண் உணவைத் திரும்பியும் பார்க்காது. அதன் கவலை வேறு.

ஆனால் இந்த நம்பிக்கை ஆளைச் சோம்பேறியாக்குகிறது. பெட்டி குளிர்ந்திருந்தால் பாம்பு தின்னாது, ஏனென்றால் தின்றதைச் செரிக்க அதற்கு வெளிச்சூடு வேண்டும். பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26, 27 இருக்க வேண்டும். மறைவிடம் இல்லாவிட்டால் தின்னாது. ஒரே ஒரு மறைவிடம் குளிர்ந்த பக்கம் இருந்தால், ஒளிவதா சூடேறுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் ஒளிவதைத் தேர்ந்தெடுத்துப் பட்டினி கிடக்கும். சட்டை உரிப்பதற்கு முன் கண் பால் நிறமாகும் நாட்களில் தின்னாது. வாயில் புண், மூக்கில் சளி, செதிலுக்கடியில் உண்ணி இருந்தாலும் தின்னாது. "பசிச்சா தின்னும்" என்று காத்திருக்கும் முன், தெர்மாமீட்டரைப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரி, எடையும் இறங்கவில்லை என்றால் காத்திருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து, தேதியோடு எழுதிவையுங்கள். எடை மளமளவென்று இறங்கினால் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

குட்டிக்கு இந்தத் தாராளம் கிடையாது. அதன் கையிருப்பு சின்னது.

நம்பிக்கை: தின்னாத குட்டி நோஞ்சான், வாயைப் பிளந்து திணித்தால் பழகிவிடும்

முட்டையிலிருந்து வந்த மறுநாளே எலிக்குஞ்சை நீட்டிவிட்டு "தின்னலையே" என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் மஞ்சள்கரு இன்னும் இருக்கும். முதல் சட்டை உரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை பெரும்பாலான குட்டிகளுக்கு உணவு தேவையில்லை.

அதன் பிறகும் மறுக்கிற குட்டியின் கதைதான் சுவையானது. கார்ன் ஸ்நேக் குட்டிக்கு நாம் கொடுப்பது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. 'பிங்கி' என்பது தொழிலில் அதன் பெயர். ஃப்ளோரிடா காட்டில் பொரித்த கார்ன் ஸ்நேக் குட்டி முதலில் தேடுவது ஓணானையும் மரத் தவளையையும். எலி வேட்டை வளர்ந்த பிறகு. ஆக, பிங்கியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற குட்டி நோஞ்சானும் இல்லை, பிடிவாதக்காரியும் இல்லை. 'இது உணவு' என்று அதன் நாக்குக்கு இன்னும் தோன்றவில்லை.

நாக்கு என்று சொன்னது உவமைக்காக இல்லை. 1960-களில் கோர்டன் பர்கார்ட் என்ற ஆய்வாளர், கார்ட்டர் பாம்பு என்ற அமெரிக்கப் பாம்பின் ஒரு வாய்கூடத் தின்றிராத குட்டிகளின் முன்னால், வெவ்வேறு இரைகளைக் கழுவிய நீரில் தோய்த்த பஞ்சை நீட்டினார். தங்கள் இனத்து இரையின் வாசம் வந்த பஞ்சை நோக்கி நாக்கு வேகமாக ஆடியது; சில குட்டிகள் பஞ்சையே தாக்கின. எது இரை என்ற பட்டியல் பிறக்கும்போதே எழுதி வந்திருக்கிறது. 1977-இல் ஸ்டீவன் ஆர்னால்ட் இன்னும் ஒரு படி போனார். கலிஃபோர்னியாக் கடற்கரையில் வாழும் ஒருவகைக் கார்ட்டர் பாம்பு, ஓடில்லாத நத்தைகளை விரும்பித் தின்னும். அதே இனம் உள்நாட்டில், நத்தை இல்லாத ஊரில், தவளையும் மீனும் தின்று வாழும். இரண்டு ஊர்த் தாய்களின் குட்டிகளையும் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவைத்து, நத்தையை வைத்தார். கடற்கரைக் குட்டிகள் பெரும்பாலும் தின்றன. உள்நாட்டுக் குட்டிகள் பெரும்பாலும் தொடவில்லை. யாரும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பால் பைத்தானுக்கும் இப்படி ஒரு சங்கதி உண்டு. தென்கிழக்கு நைஜீரியாவில் லூகா லூயிசெல்லியும் பிரான்செஸ்கோ ஆஞ்செலிச்சியும் 1998-இல் எழுதியதைப் பாருங்கள்: 70 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்றன, ஒரு மீட்டரைத் தாண்டியவை பெரும்பாலும் எலி வகைகளை. வெள்ளெலியை மாதக்கணக்கில் மறுத்த இளம் ஆண், கோழிக்குஞ்சின் வாசம் தடவியதும் பாய்ந்து பிடித்தது என்று வளர்ப்பவர்கள் சொன்னால் அதில் மாயம் ஒன்றுமில்லை.

இதைப் புரிந்துகொண்டால், அனுபவசாலிகள் செய்கிற தந்திரங்கள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் தட்டுகின்றன என்பது விளங்கும். பிங்கியை வாசனையில்லாத சோப்பில் கழுவி, நன்றாக அலசி, எலி வாடையைப் போக்குவது. உறையவைத்த ஓணானை உருக்கி அதன் தோலில் பிங்கியைத் தேய்ப்பது. பிங்கியின் மண்டையை ஊசியால் குத்தி ஒரு துளி மூளை கசியவிடுவது. (கேட்கவே குமட்டும். பலன் அபாரம்.) குட்டியையும் வெதுவெதுப்பான பிங்கியையும் மூடியில் துளையிட்ட கையளவு டப்பாவில் சேர்த்து, இருட்டில் ராத்திரி முழுக்கத் தொடாமல் விடுவது. பால் பைத்தான் குட்டியாக இருந்தால் பெரிய கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, கசக்கிய காகிதம் அடைத்த சின்ன டப்பாவுக்கு மாற்றுவது. உருக்கிய எலியின் தலையை வெந்நீரில் காட்டிச் சூடாக்குவது. பால் பைத்தானின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருப்பதால் அதற்கு இந்தக் கடைசித் தந்திரம் நன்றாக எடுபடும். கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழி கிடையாது. அதற்கு வாசம்தான் எல்லாம்.

ஒரு தந்திரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து நாள் விட வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். தினமும் ஒரு புது வித்தை காட்டினால் குட்டிக்கு மிஞ்சுவது பயம்தான்.

வாயைப் பிளந்து திணிப்பது கடைசிக் கதவு. அதிலும் இரண்டு விதம் உண்டு. பிங்கியின் மூக்கை மட்டும் மெதுவாக வாய்க்குள் வைத்து, குட்டியைத் தரையில் விட்டு, அது தானே விழுங்கக் காத்திருப்பது ஒன்று. குச்சியால் தொண்டைக்குள் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவதில் வாய் கிழியும், தொண்டை கிழியும், தின்றதும் வெளியே வரும். கைதேர்ந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. திணித்தால் பழகும் என்பது சரியில்லை. உயிர் தங்கும், அவ்வளவே. 'இது உணவு' என்கிற தீர்ப்பை அதன் நாக்குதான் எழுத வேண்டும்.

நம்பிக்கை: உயிரோடு கொடுப்பதே இயற்கை

காட்டில் எலிக்கு ஓட இடமிருக்கிறது. பெட்டியில் இல்லை. பசியில்லாத மலைப்பாம்போடு ராத்திரி முழுக்க அடைபட்ட வளர்ந்த எலி, பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துத் தின்றிருக்கிறது. பாம்பு தடுக்காமல் படுத்திருக்கும். உறையவைத்து உருக்கியதே நல்லது. மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், வெடிக்கும்.

நம்பிக்கை: பெட்டிக்குள்ளேயே ஊட்டினால் கையைக் கடிக்கப் பழகும்

இதை நம்பி, ஒவ்வொரு வேளைக்கும் பாம்பைத் தூக்கி வேறு டப்பாவில் போட்டு ஊட்டி, திரும்பத் தூக்கிப் பெட்டியில் விடுகிறவர்கள் ஏராளம். போகும்போது கூச்சக்காரப் பாம்புக்குப் பசி பறந்துவிடும். வரும்போது அதைவிட மோசம். விழுங்கிய பாம்பின் உடம்பு ஒரு தொழிற்சாலையாக மாறிக்கொண்டிருக்கும் நேரம் அது. மலைப்பாம்புக்குக் குடல் தடித்து, ஈரலும் சிறுநீரகமும் பெருத்து, உடலே செரிப்பதற்காக மாறுகிறது. அந்த நேரத்தில் வயிற்றைப் பிடித்துத் தூக்கினால் கக்கிவிடும். ஒரு முறை கக்கிய பாம்புக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, அடுத்த வேளையைப் பாதி அளவாகக் கொடுக்க வேண்டும். கக்குவதே வழக்கமாகிவிட்டால் அது நோய். மருத்துவர் பார்க்க வேண்டும்.

கையைக் கடிப்பதற்கான காரணம் எளிது. பெட்டி திறக்கும்போதெல்லாம் எலி வந்தால், திறந்ததும் வருவது எலி என்று பாம்பு முடிவுசெய்கிறது. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் நீட்டினால் அந்த முடிவில் குற்றம் காண முடியாது. ஊட்ட நீளமான இடுக்கி. தூக்க வரும்போது முதலில் கொக்கியால் உடம்பில் லேசாக ஒரு தட்டு. தட்டினால் உணவில்லை என்பதைச் சில வாரங்களில் பாம்பு கற்றுக்கொள்ளும்.

நம்பிக்கை: சீறுகிற பாம்பு முரடு, தினமும் தூக்கினால் அடங்கும்

பாம்புக்கு நம்மோடு சண்டை போட விருப்பமில்லை. முதலில் ஒளியும். ஒளிய முடியாவிட்டால் சுருளும். அப்புறம் சீறும். அப்புறம் வாயைத் திறக்காமலே மூக்கால் இடித்துப் பயமுறுத்தும். இவ்வளவு எச்சரிக்கையும் வீணான பிறகுதான் பல்லைக் காட்டும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம், விஷம் எடுக்கப் பிடித்துவரும் பாம்புகளை மண்பானைக்குள் விட்டுத் துணியால் வாய்கட்டி வைக்கும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் அந்த இருட்டில் சுருண்டு கிடக்கும். நான்கு பக்கமும் வெளிச்சம் பாய்கிற கண்ணாடிப் பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டுப் பாம்பு முரடு என்பவர்கள் அந்தப் பானையைப் பார்க்க வேண்டும்.

குட்டிகள் பெரியவற்றைவிட அதிகம் கடிக்கும். ஆஸ்திரேலியா, நியூ கினியைச் சேர்ந்த கார்ப்பெட் பைத்தான், பச்சை மர மலைப்பாம்பு ஆகியவற்றின் குட்டிகள் கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும். கையளவு உடம்பை விழுங்கப் பறவையும் பல்லியும் பெரிய பாம்பும் காத்திருக்கும்போது வேறென்ன செய்யும்? வளர வளரப் பெரும்பாலானவை அடங்கிவிடும். வளர்ப்பவர்கள் மட்டுமே அறிந்த ஒரு வேடிக்கை: இப்படிப் பாய்கிற குட்டிகளுக்கு ஊட்டுவது சுலபம். மூக்கின் முன் பிங்கியை ஆட்டினால் கோபத்தில் கவ்வும், கவ்வியது உணவென்று தெரிந்ததும் விழுங்கிவிடும். சாதுவாகச் சுருண்டு முகத்தைப் புதைத்துக்கொள்கிற குட்டிதான் ஆறு வாரம் ஆளைத் தூங்கவிடாது.

தினமும் தூக்கினால் அடங்கும் என்பதிலும் அவசரம் இருக்கிறது. புதிதாக வந்த பாம்பு மூன்று வேளை ஒழுங்காகத் தின்னும்வரை தொட வேண்டாம். தின்று இரண்டு நாள், சட்டை உரியப் போகும் நாட்கள், இவற்றிலும் வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம். கடித்ததும் பயந்து கீழே விட்டுவிட்டால், கடித்தால் விடுதலை என்ற பாடத்தை நாமே நடத்துகிறோம். அது அமைதியான நொடியில் திரும்ப விடுவதே முறை. சில பாம்புகள் இதற்கெல்லாம் மசியாது. அவற்றைப் பார்த்து ரசிக்கலாம். தூக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

நெடுநாள் சாதுவாக இருந்தது திடீரென்று சீறினால் அதை மனநிலைக் கணக்கில் எழுதாதீர்கள். பெரும்பாலும் வலி, தொற்று, சினை, மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நம்பிக்கை: சினைப் பாம்பு தின்னாவிட்டால் முட்டை கெட்டுவிடும்

முட்டைக்கான சத்தை அது முன்பே சேர்த்துவைத்தாயிற்று. அதனால்தான் 1,500 கிராமுக்குக் குறைந்த பெண் பால் பைத்தானை ஆணோடு சேர்க்க மாட்டார்கள் பொறுப்பானவர்கள். முட்டையிட்ட பின் தாயை விட்டுவைத்தால், இரண்டு மாதம் உணவில்லாமல் முட்டைகளைச் சுற்றி இறுகிச் சுருண்டு அடைகாக்கும். பர்மா மலைப்பாம்பைப்போல உடலைத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்க இதற்குத் தெரியாது. அந்த இறுக்கம் முட்டையின் ஈரம் காயாமல் காக்கிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடைகாப்பவளைத் தொட்டால் கடிப்பாள். அது குணமும் இல்லை, குற்றமும் இல்லை.

முட்டைகளை எடுத்துப் பொரிப்பானில் வைத்த பிறகும் தாய் வாரக்கணக்கில் தின்னாமல் வெறும் தரையைச் சுற்றிக் கிடப்பதுண்டு. முட்டை வாசம் போகவில்லை. தாயை வெதுவெதுப்பான நீரில் கழுவி, பெட்டியைச் சுத்தமாகத் துடைத்து, விரிப்பை மாற்றினால் பெரும்பாலும் தின்னத் தொடங்கிவிடும்.

நம்பிக்கை: குணம் வளர்ப்பில்தான்; ரத்தத்தில் இல்லை

நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் பொய் இது. எட்மண்ட் பிராடி 1989-இல் கார்ட்டர் பாம்புக் குட்டிகளை ஓடவிட்டுப் பார்த்தார். உடலில் கோடு உள்ளவை நேராக ஓடின. கோடு இல்லாதவையும் புள்ளி உள்ளவையும் திடீரென்று திரும்பி ஒளிந்தன. நிறமும் ஓடும் விதமும் சேர்ந்தே பரம்பரையாக வந்தன. நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கும்போது நடத்தையையும் தெரியாமல் தேர்ந்தெடுக்கிறோம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பால் பைத்தான் உலகம் இதை விலை கொடுத்துக் கற்றது. 1992-இல் முதல் அல்பினோ பொரித்ததிலிருந்து புதுப்புது நிறங்களுக்கான ஓட்டம் தொடங்கியது. 1999-இல் வந்தது 'ஸ்பைடர்'. உடல் முழுக்கச் சிலந்தி வலைபோல மெல்லிய கறுப்புக் கோடுகள். அழகுதான். ஆனால் தலை தள்ளாடும், மேலே பார்த்துச் சுழலும், இரையை நோக்கிப் பாய்ந்தால் குறி தவறும். வெப்பம் சரியில்லை, பயம், பழகாதது என்று ஆண்டுக்கணக்கில் சமாதானம் சொன்னார்கள். 2022-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸ்பைடர்களின் உட்காதை நுண்கதிர்ப்படம் எடுத்தபோது, சமநிலை உறுப்பே கோணலாக உருவாகியிருந்தது தெரிந்தது. கோலமும் கோளாறும் ஒன்றாகவே வருகின்றன. இன்னும் அதைப் பெருக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

தின்னாத குட்டிக்கும் இதே கணக்கு. ஆர்னால்டின் நத்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் திணித்துத் திணித்துப் பிழைக்கவைத்த குட்டியைச் செல்லமாக வளர்ப்பதில் பிழையே இல்லை. அதை இணைசேர்ப்பதுதான் பிழை. நிறம் அபூர்வம் என்பதற்காக அந்த ரத்தத்தை நீட்டிக்கிறவர், தன் தூக்கமில்லாத ராத்திரிகளை முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கிறார். இணை சேர்க்கும் முன் நிறத்தோடு கூடவே தாயும் தகப்பனும் எத்தனையாவது நாளில் தானாகத் தின்றன, எப்படிச் சீறின என்பதும் ஏட்டில் இருக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு. நல்ல பாம்பு, சாரை, நம் மலைப்பாம்பு இவற்றை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்பு, பழக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பால் பைத்தான் போன்ற, சைட்டிஸ் என்ற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல் பாம்பை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் மடித்துவைத்துக் கொண்டுவரப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிற குட்டிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பாம்பு அந்தப் பயணத்தைத் தாண்டி வந்ததாக இருக்கலாம். அது ஏன் தின்னவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தின்னவில்லை, கடிக்கிறது என்று வெறுத்துப்போய், இருட்டில் கொண்டுபோய் ஏரிக்கரையில் அவிழ்த்துவிடாதீர்கள். பட்டினியில் சாகும், சாகாவிட்டால் அது இன்னொரு தொல்லை. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் இன்று பெருகிக்கிடக்கும் பர்மா மலைப்பாம்புகள் வளர்ப்பு வணிகத்தின் வழியாகப் போனவைதான். வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள்.